கையகல மீனும் ஃப்ளை தூண்டிலும்: ப்ளூகில் கேள்வி பதில்

டெக்சாஸின் ஆஸ்டின் சுற்றுவட்டாரக் குளங்களிலும் ஓடைகளிலும் 18 வருஷமாக ஃப்ளை தூண்டில் போடுகிறேன். ட்ரௌட் தேடி மலைக்குப் போகிறவர்கள் உண்டு. எனக்கு வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் கிடைக்கிற ப்ளூகில் போதும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலர் அதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, எங்கள் அப்பார்ட்மெண்ட் குளத்தில் நம்மூர் ஜிலேபிக் கெண்டை மாதிரி ஒரு மீன் கரையோரமாகவே சுற்றுகிறது. இதுதான் ப்ளூகில்லா?

பதில்: பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் தம்பி. உடம்பு தட்டையாக, உள்ளங்கை அளவில், மேலிருந்து கீழாகக் கருங்கோடுகளோடு இருக்கும். செவுள் மூடியின் ஓரத்தில் காது மடல் போல ஒரு திட்டு தெரியும். அது முழுக்கக் கறுப்பாக இருந்து, முதுகுத் துடுப்பின் பின்பகுதியிலும் ஒரு கறுப்புக் கறை இருந்தால் ப்ளூகில்தான். காதுக்குச் சிவப்பு விளிம்பு இருந்தால் ரெட்இயர். வாய் பெரிதாக, துடுப்பின் ஓரம் மஞ்சளாக இருந்தால் கிரீன் சன்ஃபிஷ். வடக்கே போனால் காதில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த பம்ப்கின்சீட்டும் கிடைக்கும்.

ஜிலேபியோடு உறவு கிடையாது, பார்வைக்குத்தான் ஒற்றுமை. ப்ளூகில் லார்ஜ்மவுத் பாஸின் குடும்பம்; ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள நீர்நிலைகள்தான் அதன் பூர்வீகம். தாடையிலும் செவுள் மூடியிலும் நீலம் ஓடுவதால் இந்தப் பெயர். இந்த வகை மீன்களையெல்லாம் சேர்த்து பேன்ஃபிஷ் என்பார்கள். வாணலியில் முழுசாக அடங்கும் அளவு, அவ்வளவுதான் அர்த்தம்.

கேள்வி: ஊரில் மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு என்று வளர்ந்தவன் நான். ஃப்ளை தூண்டிலில் அப்படி என்ன வித்தியாசம்?

பதில்: எடை எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். நம் தூண்டிலில் முள்ளும் ஈயமும் இரையும் சேர்ந்து முன்னால் பறக்கும், நரம்பு பின்னால் போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பூச்சி. அதற்கு எடையே கிடையாது. அதை எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் நரம்பைத் தடித்ததாக, கனமாகச் செய்திருக்கிறார்கள். கழியை ஆட்டி நாம் வீசுவது அந்த நரம்பைத்தான். ஃப்ளை அதன் வாலில் தொத்திக்கொண்டு போகும்.

ப்ளூகில்லுக்கு இது இவ்வளவு பொருந்தக் காரணம் அதன் சாப்பாடு. நீர்ப்பூச்சி, புழு, தண்ணீரில் விழும் எறும்பு, வெட்டுக்கிளி என்று நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகப் பொறுக்குகிற மீன் அது. அந்தச் சாப்பாட்டைத்தான் நாம் கட்டி அனுப்புகிறோம்.

கேள்வி: என்ன வாங்க வேண்டும்? நிறைய செலவாகுமா?

பதில்: ஆகாது. 8 அல்லது 8.5 அடியில் ஒரு 4 வெயிட் கழி (எந்தக் கனத்து நரம்பை வீசும் என்பதற்கான எண் அது), அதே எடையில் மிதக்கும் நரம்பு, நரம்புக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய இழையான லீடர் 7.5 அடி (நுனியின் பருமன் 4 எக்ஸ் அல்லது 5 எக்ஸ்). ரீலில் காசைக் கொட்டாதீர்கள். இந்த மீனுக்கு அது நரம்பு சுற்றி வைக்கிற டப்பாதான். ஃப்ளை நான்கு போதும்: தண்ணீர் மேல் மிதக்கிற ஃபோம் ஸ்பைடர், சின்ன பாப்பர்; மூழ்குகிற ஹேர்ஸ் இயர் நிம்ஃப், கறுப்பு அல்லது ஆலிவ் நிற வூலி பக்கர். முள் 8 முதல் 12ஆம் நம்பர் வரை; நம்பர் கூடக்கூட முள் சின்னது. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். பின்னால் இருந்து வரும் முள் முகத்தைத் தொட ஒரு காற்று போதும்.

கேள்வி: வீசவே வரவில்லை. குளக்கரையில் பின்னால் முழுக்க மரம்.

பதில்: பழக்கத்தைப் புல்வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், முள்ளுக்குப் பதில் நுனியில் கம்பளி நூல் முடிந்து. ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, பின்னால் போன நரம்பு நீள்வதற்குள் கழியை முன்னே இழுப்பது. சாட்டை சொடுக்கினாற்போல் சத்தம் கேட்டால் அவசரப்பட்டீர்கள் என்று அர்த்தம். பின்னால் நிறுத்தி, நரம்பு முழுக்க நீள விட்டு, அப்புறம் முன்னே தள்ளுங்கள்.

மரம் இருக்கும் இடத்தில் பின்வீச்சே வேண்டாம். நரம்பு தண்ணீரிலேயே கிடக்கட்டும். கழியை மெதுவாகக் காதுவரை தூக்குங்கள். நரம்பு தோளுக்குப் பின்னால் தொய்ந்து தொங்கும்போது முன்னால் ஒரு வெட்டு வெட்டினால் சக்கரமாக உருண்டு போய் விழும். ரோல் காஸ்ட் என்பது இதுதான். இருபது, இருபத்தைந்து அடி போகும். ப்ளூகில்லுக்கு அதற்கு மேல் தேவையில்லை. அது உங்கள் காலடியிலேயே இருக்கிற மீன்.

கேள்வி: பாப்பரை அடிக்கிறது, தண்ணீர் தெறிக்கிறது, ஆனால் மாட்டவே மாட்டேன் என்கிறது. பத்து தடவை அடித்தால் ஒன்றுதான் கைக்கு வருகிறது. என்ன தப்பு?

பதில்: உங்கள் பாப்பர் பெரிது. ப்ளூகில்லின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சட்டைப் பொத்தான் அளவுதான். அது கவ்வுகிற மீன் இல்லை, உறிஞ்சுகிற மீன். வாயைப் படக்கென்று திறந்து, இரையைச் சுற்றியுள்ள தண்ணீரோடு சேர்த்து இழுக்கும். பாஸுக்கான பாப்பரைப் போட்டால் ரப்பர் காலை மட்டும் பிடித்து இழுத்துவிட்டுப் போய்விடும். 10ஆம் நம்பர் முள்ளுக்கு இறங்குங்கள், காலைப் பாதியாக வெட்டுங்கள்.

இன்னொன்று, ஆட்டாதீர்கள். பாப்பர் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் படபடவென்று இழுக்கிறார்கள். போன மே மாதம் ஒரு முசுக்கொட்டை மரத்தடியில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். பழம் கொட்டுகிற மரம், அதன் நிழலில் நாலு ப்ளூகில். ஃபோம் ஸ்பைடர் விழுந்த சத்தத்துக்கு நாலும் விலகின. வட்ட அலை விரிந்து அடங்கியதும் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ஸ்பைடருக்கு நாலு அங்குலம் கீழே வந்து நின்றுகொண்டது. உடம்பு அசையவில்லை, பக்கத் துடுப்பு மட்டும் விசிறி மாதிரி. எனக்குக் கை துறுதுறுத்தது. அசைக்கவில்லை. ஸ்பைடரின் ரப்பர் கால் தானாக ஒரு முறை நடுங்கியது. மீன் மூக்கைத் தூக்கியது, ‘ச்சப்’ என்று ஒரு சத்தம், ஸ்பைடர் இருந்த இடத்தில் குமிழி மட்டும் மிச்சம். விழுந்ததிலிருந்து நான் எண்ணியது பன்னிரண்டு.

அந்த ‘ச்சப்’ கேட்ட பிறகு நரம்பை இறுக்கினால் போதும். தண்ணீர் தெறிப்பதைப் பார்த்ததும் பிடுங்கினால் வாயில் போகும் முன்பே உருவிவிடுவீர்கள்.

கேள்வி: காலையில் கடிக்கிறது. பகல் 11 மணிக்கு மேல் குளமே செத்துப்போகிறது.

பதில்: மீன் ஆழத்துக்குப் போயிருக்கிறது. ஹேர்ஸ் இயர் நிம்ஃபைப் போட்டு எண்ணுங்கள். ஐந்து எண்ணி மெதுவாக இழுங்கள், அடுத்த வீச்சில் பத்து, அதற்கடுத்து பதினைந்து. எந்த எண்ணில் கடித்ததோ அதையே திரும்பச் செய்யுங்கள்; அந்த ஆழத்தில் ஒரு கூட்டமே நிற்கும். பெரிய ப்ளூகில் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். படகுத்துறை நிழல், பாசித் திட்டின் வெளி விளிம்பு இரண்டையும் முதலில் பாருங்கள். ரெட்இயர் வேண்டுமென்றால் இன்னும் கீழே, தரையை ஒட்டி. நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்கிற மீன், மேலே வர அதற்கு அவசியமில்லை.

கேள்வி: கிராப்பிக்கும் இதே ஃப்ளைதானா?

பதில்: இல்லை. கிராப்பியும் ப்ளூகில் குடும்பம்தான், ஆனால் அது சின்ன மீனைத் தின்னும். வெள்ளை நிறத்தில், குட்டி மீன் போலக் கட்டிய ஃப்ளை வேண்டும். அது மேல்நோக்கிப் பார்க்கிற மீன். ஃப்ளை அதன் தலைக்கு மேலே போக வேண்டும், கீழே போனால் கவனிக்காது. உதடு காகிதம் மாதிரி, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

கேள்வி: முதுகு முள் குத்திக் கை இரண்டு நாள் வலித்தது. எப்படிப் பிடிப்பது?

பதில்: கையை முதலில் தண்ணீரில் நனையுங்கள், இல்லையென்றால் மேலே இருக்கும் வழவழப்பு உங்கள் கையோடு வந்துவிடும். அப்புறம் தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவினாற்போல் பிடித்தால் முள் எல்லாம் படிந்துவிடும். தூண்டில் முள்ளின் நுனியில் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருகில் கழன்றுவிடும்.

கேள்வி: ஏப்ரல் மாதம் கரையோரம் தட்டுத் தட்டாகக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மீன். போட்டதெல்லாம் கடிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 30 பிடித்து வீட்டுக்குக் கொண்டு போனோம். ஒருவர் திட்டினார். தப்பா?

பதில்: டெக்சாஸின் பொது விதியில் ப்ளூகில்லுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, அதனால் சட்டப்படி தப்பில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் குழிகள் கூடு. தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது ஆண் மீன் வாலால் மண்ணைக் கூட்டி ஓரடி அகலத்துக்குக் குழி பறிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பிறகு காவல் முழுக்க அப்பனுக்குத்தான். முட்டைக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டே, கிட்டே வருவதையெல்லாம் விரட்டிக்கொண்டே இருக்கும். போட்டதெல்லாம் கடிப்பதற்குக் காரணம் பசி இல்லை, கோபம். அந்த மீனைத் தூக்கிவிட்டால் பக்கத்தில் காத்திருக்கிற சின்ன ப்ளூகில்கள் சில நிமிஷத்தில் முட்டையைக் காலி செய்துவிடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் மெதுவாக வரும். பெரிய ஆண்கள் காவல் நிற்கும்வரை சின்ன ஆண்களுக்குக் கூடு கட்ட இடம் கிடைக்காது, அதனால் அவை வளர்ந்துகொண்டிருக்கும். பெரியவற்றை எடுத்துவிட்டால் சின்னவை உடனே இனப்பெருக்கத்தில் இறங்கும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் அதில் போய்விடும். கொஞ்ச வருஷத்தில் குளம் முழுக்க நாலு அங்குல மீன்தான். மினசோட்டாவில் இதைப் பார்த்துத்தான் பல ஏரிகளில் ஒரு நாளைக்கு 20 என்றிருந்த வரம்பை 10 ஆகவும் 5 ஆகவும் குறைத்தார்கள்.

என் வழக்கம் இது: கூட்டில் நிற்கும் மீனுக்குத் தூண்டிலே போடுவதில்லை. மற்ற நாட்களில் ஆறு, ஏழு அங்குல மீனில் நாலைந்து சமையலுக்கு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் வந்தால் தண்ணீருக்குத் திரும்பும். 1950இல் அலபாமாவின் கெட்டோனா ஏரியில் 4 பவுண்டு 12 அவுன்ஸில் ஒரு ப்ளூகில் பிடித்தார்கள், அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. அந்த அளவு வேண்டாம், ஒரு பவுண்டு மீன் நம் குளத்தில் இருக்க வேண்டுமென்றால்கூட யாரோ ஒருவர் அதைப் பல தடவை விட்டிருக்க வேண்டும்.

கேள்வி: சமைத்தால் எப்படி இருக்கும்?

பதில்: வெள்ளைச் சதை, லேசான இனிப்பு. ஸ்பூனால் செதில் சுரண்டி, தலை நீக்கி, குடலைச் சுத்தம் செய்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை தடவி அரை மணி நேரம். இரும்புக் கல்லில் கறிவேப்பிலையோடு வறுத்தால் வால் துடுப்பு அப்பளமாக முறியும். விலா முள் உண்டு, குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். அப்பார்ட்மெண்ட், கோல்ஃப் மைதானக் குளத்து மீனைச் சாப்பிடாதீர்கள். புல்லுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் மழையில் அங்கேதான் வந்து சேரும்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டும். டெக்சாஸில் 17 வயதிலிருந்து. மாநில பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடித்தால் தேவையில்லை. மற்ற மாநிலங்களில் அந்தந்த விதியைப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, இவ்வளவு சுலபமாக வளர்கிற மீனை நம் ஊர்க் குளங்களில் விட்டால் என்ன?

பதில்: வேண்டவே வேண்டாம். 1960இல் ஜப்பான் இளவரசர் அகிஹிடோ அமெரிக்கா வந்தபோது சிகாகோ மேயர் ப்ளூகில்லைப் பரிசாகக் கொடுத்தார். வளர்த்துச் சாப்பிடலாம் என்ற நல்ல எண்ணத்தில் கொண்டு போனார்கள். அது பிவா ஏரியில் பெருகி அங்குள்ள மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. 2007இல், பேரரசராக இருந்த அவரே இதற்காக மனம் வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். நமக்கு ஜிலேபியே போதுமான பாடம். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் இன்று எந்தக் குளத்தில் இல்லை?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஃப்ளை தூண்டில் கற்றுக்கொடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் வளரட்டுமா?

பதில்: இப்போதே கொடுங்கள் அம்மா, ஆனால் ரீல் வேண்டாம். ஜப்பானில் தென்காரா என்று ஒரு முறை இருக்கிறது: நீளமான கழி, நுனியில் முடிந்த நரம்பு, ஒரு ஃப்ளை, வேறு எதுவும் இல்லை. மேலே மூங்கில் கழி பற்றிக் கேட்டவருக்கு உடனே புரியும். 10 அடிக் கழியும் அதே நீள நரம்பும் எடுத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு படகுத்துறைக்குப் போங்கள். மஞ்சள் நிற ஃபோம் ஸ்பைடர் போடுங்கள், அவள் கண்ணுக்கும் தெரிய வேண்டும். கழி அவள் கையிலேயே இருக்கட்டும். ஸ்பைடர் விழுந்ததும் அவளைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.