‘தி மெர்சினரீஸ்’: அப்பா பார்த்த படம் எது, எந்தப் பிரதியை வாங்கலாம்?

வாசகர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம்: “என் அப்பா துபாயில் வேலை பார்த்தபோது வீடியோ கேசட்டில் ஒரு படம் பார்த்திருக்கிறார். காங்கோ, ஒரு ரயில், வைரம், கூலிப்படை வீரர்கள், மரம் அறுக்கும் ரம்பத்தோடு ஒரு சண்டை. பெயர் ‘தி மெர்சினரீஸ்’ என்கிறார். தேடினால் மெக்சிகோவில் நடக்கும் கௌபாய் படம்தான் வருகிறது. பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றியும் பார்த்தோம், 96 நிமிடம் ஓடுகிறது. படம் 100 நிமிடம் என்கிறார்கள். வெட்டப்பட்ட பிரதியா? அவருக்கு நல்ல பிரதி ஒன்று வாங்கித் தரலாமா? கதை உண்மையில் நடந்ததா என்றும் கேட்கிறார்.”

அப்பாவின் ஞாபகம் அபாரம். அந்த ரம்பச் சண்டை ஒன்றே போதும், இது ஜாக் கார்டிஃப் இயக்கி 1968-ல் வந்த பிரிட்டிஷ் படம். எம்.ஜி.எம். நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை தயாரித்தது. ராட் டெய்லர், ஜிம் பிரவுன், கென்னத் மோர், இவெட் மிமியூ, ஜெர்மன் நடிகர் பீட்டர் கார்ஸ்டன் நடித்தார்கள். வில்பர் ஸ்மித் 1965-ல் எழுதிய நாவல்தான் கதைக்கு மூலம்.

தேடிக் கிடைக்காததற்குக் காரணம், பிரிட்டனில் ‘தி மெர்சினரீஸ்’ என்ற பெயரில் வந்த படம் அமெரிக்காவில் ‘டார்க் ஆஃப் த சன்’ ஆகிவிட்டது. இன்று ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த அமெரிக்கப் பெயரில்தான் கிடைக்கிறது. ஜெர்மனியில் காங்கோவின் ஒரு மாகாணப் பெயரான ‘கட்டங்கா’, பிரான்சில் ‘கட்டங்காவின் கடைசி ரயில்’, ஸ்பெயினில் ‘கட்டங்காவுக்குக் கடைசி ரயில்’ என்று பொருள்படும் பெயர்கள். உங்களுக்குக் கிடைத்த கௌபாய் படம் அதே 1968-ல் இத்தாலியின் செர்ஜியோ கோர்புச்சி எடுத்த ‘இல் மெர்செனாரியோ’. ஃபிராங்கோ நீரோ நடித்தது, எனியோ மோரிகோனே பெயர் இசையில் இருக்கும். அதுவும் நல்ல படம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘தி மெர்சினரி’. ஓர் எழுத்து வித்தியாசம், ஒரே வருடம். இந்தக் காலத்துப் படங்களைப் பெயரை மட்டும் நம்பித் தேடக் கூடாது. இயக்குநர் பெயரையும் வருடத்தையும் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்தது அந்த நான்கு நிமிடம். பெரும்பாலும் யாரும் எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள். சினிமா ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. வளைகுடாவிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பழக்கத்தில் இருந்த ‘பால்’ முறை வீடியோ நொடிக்கு 25 பிரேம். அதற்கு மாற்றும்போது படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடப் படம் சரியாக 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பாவின் கேசட் கணக்கு அச்சாக இதோடு பொருந்துகிறது. காதாலும் சோதிக்கலாம்: இந்த வேக மாற்றத்தில் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும், எல்லாக் குரல்களும் கொஞ்சம் மெல்லிசாகும். உண்மையிலேயே வெட்டு விழுந்திருந்தால் வேறு மாதிரித் தெரியும். சண்டைக் காட்சியின் நடுவில் பின்னணி இசை ஓரிடத்தில் தாவும், பேச்சின் கடைசி எழுத்து விழுங்கப்படும். அப்படி எங்கும் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கேசட்டில் போனது நிமிடமல்ல, அகலம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். படம் பானாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்டது. உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.35 பங்கு. பழைய டிவியின் அகலம் 1.33 பங்குதான். கேசட் போடும்போது திரை நிறைய வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கத்தையும் நறுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டால் ஒவ்வொரு பிரேமிலும் ஏறக்குறைய 43 சதவீதம் போய்விடுகிறது. வேறு இயக்குநர் என்றால் இவ்வளவு வருத்தப்பட மாட்டேன். கார்டிஃப் முதலில் ஒளிப்பதிவாளர். ‘பிளாக் நார்சிசஸ்’ படத்தின் வண்ண ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் வாங்கியவர். அதற்கப்புறம் ‘தி ஆஃப்ரிக்கன் குயின்’ படத்துக்காகக் காங்கோவுக்கே போய்ப் படம் பிடித்தவர். சட்டகத்தின் ஓரத்தை வீணாக விடுகிற ஆள் இல்லை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன், அப்பாவுக்கு உடனே நினைவு வரும். ஊர் மக்களையும் வைரத்தையும் மீட்கத்தான் கூலிப்படை ரயிலில் வருகிறது. வைரம் வைத்திருக்கும் பெட்டகத்துக்கு நேரப்பூட்டு. குறிப்பிட்ட நேரம் வரை திறக்காது. கலகக்காரர்கள் நெருங்கிக்கொண்டிருக்க, ரயில் ஸ்டேஷனிலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவழியாகப் புறப்பட்டு மேட்டில் ஏறும்போது மார்ட்டர் குண்டு விழுந்து கடைசிப் பெட்டி கழன்றுவிடுகிறது. அதில் ஊர் மக்களும் இருக்கிறார்கள், வைரமும் இருக்கிறது. பெட்டி பின்னோக்கி உருண்டு, தப்பி வந்த ஊருக்கே, அந்தக் கலகக்காரர்களிடமே திரும்பிப் போகிறது. மேலே ஏறும் ரயிலுக்கும் கீழே இறங்கும் பெட்டிக்கும் நடுவே விரிகிற இடைவெளிதான் அங்கே வயிற்றைக் கலக்குவது. நறுக்கிய கேசட்டில் அந்த இடைவெளிக்கு இடமே கிடையாது.

எனவே வாங்க வேண்டியது வார்னர் ஆர்க்கைவ் 2018-ல் வெளியிட்ட புளூ-ரே. முழு அகலம், ஒழுங்கான வேகம், தெளிவான வண்ணம். அதே வெளியீட்டாளர் முன்பு போட்ட டிவிடியும் அகலத்திரைதான், ஆனால் அமெரிக்க டிவிடி நம் ஊர் பிளேயரில் ஓடாமல் போகலாம்: அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. புளூ-ரேவில் அமெரிக்கா ஏ, இந்தியா சி. வார்னர் ஆர்க்கைவ் வட்டுகள் பெரும்பாலும் எந்த மண்டலத்திலும் ஓடும் என்றாலும், பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘96 நிமிடம்’, ‘முழுத்திரை’ (அதாவது ஓரம் நறுக்கியது) என்று போட்டிருக்கும் மலிவு வட்டுகள் பக்கமே போக வேண்டாம். அப்பாவின் கேசட்டைத்தான் இன்னொரு முறை வாங்குவீர்கள்.

கதை உண்மையா? அந்த ரயிலும் போர்ட் ரிப்ரீவ் என்ற ஊரும் கற்பனை. படம் பிடித்தது காங்கோவிலும் இல்லை, ஜமைக்காவில். சூழல் உண்மை, ஆனால் இரண்டு தனித்தனி நெருக்கடிகளை ஒன்றாகக் குழைத்திருக்கிறார்கள். காங்கோ 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றது. இரண்டே வாரத்துக்குள் கனிம வளம் மிக்க கட்டங்கா மாகாணம் பிரிந்துபோனதாக அறிவித்தது. அதை அடக்கத்தான் ஐ.நா. படை சண்டையிட்டது. அதில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். கட்டங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் 1961 டிசம்பர் 5 அன்று வீரமரணம் அடைந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது; அதே மாதம் இந்திய விமானப்படையின் கான்பெரா விமானங்கள் கோல்வேசி விமானத்தளத்தைத் தாக்கின. படத்தில் ரயிலை ஐ.நா. விமானம் சுடுவது இந்தக் கட்டத்தின் நிழல். ஆனால் படத்தில் வரும் ‘சிம்பா’ கலகம் 1964-ல் நடந்தது. ஐ.நா. படை அந்த ஜூன் கடைசியில் காங்கோவை விட்டுக் கிளம்பிவிட்டது, ஸ்டான்லிவில் நகரம் சிம்பா கலகக்காரர்கள் கையில் விழுந்தது ஆகஸ்டில். அவர்களை எதிர்க்கக் காங்கோ அரசே கூலிப்படையைக் கூப்பிட்டது. ‘5 கமாண்டோ’ படையை நடத்திய மைக் ஹோர் கல்கத்தாவில் பிறந்தவர்.

படத்தில் வரும் ஹென்லைன் என்ற முன்னாள் நாஜி பாத்திரம் மிகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கூலிப்படையில் சீக்ஃபிரீட் முல்லர் என்ற முன்னாள் ஜெர்மன் ராணுவத்தான் இருந்தார், ஹிட்லர் காலத்து இரும்புச் சிலுவைப் பதக்கத்தை அணிந்துகொண்டே காங்கோவில் திரிந்தார். கிழக்கு ஜெர்மனியில் அவரை வைத்து 1966-ல் ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள்.

குடும்பத்தோடு பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஹென்லைன் இரண்டு சிறுவர்களைக் கொல்லும் காட்சி இருக்கிறது, ஊர் வீழ்ந்த பிறகான காட்சிகளும் கடுமை. படம் வந்தபோதே வன்முறைக்காகக் கண்டிக்கப்பட்டது. வீட்டில் குழந்தைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.

வட்டைப் போட்டதும் டிவியின் ‘ஜூம்’ அமைப்பை அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், விழத்தான் வேண்டும். அப்பா அதை எடுக்கச் சொன்னாலும் அந்தப் பெட்டி கழலும் காட்சி வரை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.