முன்பாரம், பின்பாரம், முதல் டிஸ்கஷன் வகுப்பு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்து மூன்று வாரம் ஆகிறது. டி.ஏ. (பேராசிரியருக்கு உதவும் பயிற்றுநர்) வேலையாக ஸ்டாடிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்கள் மேல் செயல்படும் விசைகளைப் பற்றிய பாடத்தின் டிஸ்கஷன் வகுப்பை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை 28 பேர் முன்னால் நிற்க வேண்டும். முதல் நாள் என்ன சொல்லி ஆரம்பிப்பது, நம் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியுமா, சிரிப்பார்களா? கடைசியில், "பாடம் பிரச்சினை இல்லை அக்கா, மெக்கானிக்ஸில் 92 வாங்கியிருக்கிறேன்" என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கடைசி வரிதான் கொஞ்சம் பயமுறுத்தியது. நானும் அதே தைரியத்தோடு வந்தவள்.

2009 ஆகஸ்ட். மிட்வெஸ்ட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். முதல் வகுப்புக்கு மூன்று கணக்குகளைத் தயார் செய்துகொண்டு போனேன். ஐம்பது நிமிடத்தில் மூன்றையும் போட்டு முடித்தேன். போர்டு கோலம் போட்டது போல் இருந்தது. முதல் கணக்கு இரண்டு கயிற்றில் தொங்கும் விளக்கு. சமநிலையில் இருக்கும் மூன்று விசைகளை அவற்றின் இடைக்கோணங்களோடு இணைக்கும் லாமியின் தேற்றத்தை வைத்து ஒரே வரியில் விடை. திரும்பிப் பார்த்தால் எல்லார் முகத்திலும் ஒரே வெறுமை. நம் ஊரில் முதலாம் ஆண்டிலேயே மனப்பாடம் ஆகிவிடும் லாமியின் பெயரை இங்கே அந்த மாணவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. விசைகளை எக்ஸ் பக்கம் கூட்டு, ஒய் பக்கம் கூட்டு, இரண்டு சமன்பாடு, அவ்வளவுதான் அவர்களுக்கு. நான் "எனி டவுட்ஸ்?" என்றேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் குவிஸ் தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பாதிப் பேருக்கு மேல் படமே வரையவில்லை. நான் போர்டில் எழுதிய சமன்பாட்டை அப்படியே எழுதி, எண்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். கணக்கு வேறு, கயிறு வேறு, சமன்பாடு மட்டும் அதே.

டிஸ்கஷன் என்ற பெயரை அப்படியே நம்புங்கள். பேராசிரியர் பெரிய அரங்கில் இருநூறு பேருக்கு லெக்சர் எடுப்பார். அங்கே கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், கேட்டும் புரியாதவர்கள், தூங்கிவிட்டவர்கள் எல்லாரும் வாரம் ஒருமுறை உங்கள் சின்ன அறைக்கு வருகிறார்கள். நீங்கள் கணக்குப் போடுவதைப் பார்க்க அவர்கள் வரவில்லை. உங்களுக்குப் போடத் தெரியும் என்பதை யாரும் சந்தேகப்படவும் இல்லை. அந்த ஐம்பது நிமிடத்தில் பென்சில் அவர்கள் கையில் ஓடினால் நல்ல வகுப்பு. உங்கள் மார்க்கர் மட்டும் ஓடினால் அது நம் ஊர் டியூஷன் சென்டர்.

சரி, முதல் நாள் என்ன செய்வது? பெயர், ஆஃபீஸ் ஹவர்ஸ் (மாணவர்கள் உங்களிடம் தனியே வந்து கேட்கும் நேரம்) எப்போது எங்கே, குவிஸ் எந்த வாரம் வரும், தாள் எப்போது திரும்பக் கிடைக்கும். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் பட்டங்களையும் ஆராய்ச்சியையும் விரித்துச் சொல்ல வேண்டாம். உடனே ஒரு கணக்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். நான் பிறகு ஒவ்வொரு வருடமும் கொடுத்த முதல் கணக்கைச் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர். மொத்த எடை 2,000 பவுண்ட். ஒரே அச்சு. மாட்டும் கொக்கியிலிருந்து அச்சு 10 அடி தூரத்தில் இருக்கிறது. பாரத்தின் மையம் அச்சுக்கு ஒரு அடி முன்னால். கொக்கியில் எவ்வளவு எடை உட்காரும்? அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கி வரும் சுழற்றும் திறன்) எடுத்தால் 2,000 × 1 ÷ 10 = 200 பவுண்ட், அதாவது பத்து சதவீதம். இப்போது பாரத்தைப் பின்னால் தள்ளி, மையம் அச்சுக்கு ஒரு அடி பின்னால் போனால்? அதே 200, ஆனால் எதிர்க்குறி. கொக்கி காரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. குறி மாறினால் என்ன அர்த்தம் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்காது.

இந்தக் கணக்கை எனக்குக் கொடுத்ததே ஒரு மாணவன்தான். பண்ணையில் வளர்ந்த பையன், கடைசி வரிசை, தொப்பி, எப்போதும் காலை நீட்டி உட்காருவான். மூன்றாவது வாரம் என் ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு வந்து, மொமென்ட், அதாவது திருப்புத்திறன், என்றால் என்னவென்றே புரியவில்லை என்றான். எனக்கு எங்கள் ஊர்க் கரும்பு வண்டி ஞாபகம் வந்தது. கோபி பக்கம் எங்கள் கிராமத்தில் மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றும்போது அப்பா கத்திக்கொண்டே இருப்பார், "முன்பாரம் பாரு, பின்பாரம் பாரு" என்று. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். அதைப் படம் போட்டுக் காட்டினேன். அவன் ஒரு நொடி பார்த்துவிட்டு, இது எங்கள் டிரெய்லர்தானே என்றான். கொக்கியில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் எடை நிற்க வேண்டும், குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு மாதிரி வளையும் என்று எனக்கே பாடம் எடுத்தான். அவன் கைக்கு ஸ்டாடிக்ஸ் முழுக்கத் தெரிந்திருந்தது. தாளில்தான் தெரியவில்லை. அந்த வருடம் அவன் வாங்கிய பி கிரேடு எனக்கு என் டாக்டர் பட்டத்துக்கு அடுத்த சந்தோஷம்.

கணக்கைக் கொடுத்ததும் மூன்று மூன்று பேராகச் சேரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் சமன்பாடு எழுதக் கூடாது, படம் மட்டும்தான் என்று கறாராகச் சொல்லுங்கள். ஃப்ரீ பாடி டயகிராம். டிரெய்லரைக் காரிலிருந்தும் தரையிலிருந்தும் பிய்த்துத் தனியே வரைந்து, பிய்த்த ஒவ்வொரு இடத்திலும் அங்கே இருந்த விசையைப் போட வேண்டும். இதில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். சிலர் தரையையும் சேர்த்து வரைவார்கள். சிலர் எடையைப் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கீழே எதிர்விசையை மறப்பார்கள். பிந்தைய வாரங்களில் ஒரு முனை சுவரில் பதித்த உத்தரக் கணக்கு வரும்போது, அங்கே ஒரு திருப்புத்திறனும் உண்டு என்பதை வகுப்பில் பாதி மறக்கும். நீங்கள் மேசை மேசையாக நடந்து, "இந்த அம்பை யார் தள்ளுகிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். தள்ளுகிற ஆள் யாரென்று சொல்ல முடியாத அம்பு படத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அந்த மௌனம் தாங்காது. மூன்றாவது நொடியிலேயே நாமே விடையைச் சொல்லிவிடுவோம். இந்த நாட்டுக்காரர்களுக்கு அது நம்மைவிடத் தாங்காது. எட்டாவது நொடியில் யாராவது ஒருவர் பேசியே தீருவார்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். சிரிக்க மாட்டார்கள். ஆனால் சில இடங்களில் புரியாமல் விழிப்பார்கள், அதற்குக் காரணம் உச்சரிப்புகூட இல்லை, சொல்தான். "பி இன்டு எல் பை ஃபோர்" என்று நாம் சொல்வோம். இங்கே இன்டு என்றால் வகுத்தல் போலக் காதில் விழும். "பி டைம்ஸ் எல் ஓவர் ஃபோர்" என்று சொல்லுங்கள். முப்பரிமாணக் கணக்கில் மூன்றாவது அச்சை "இசட்" என்றால் தலை தூக்கிப் பார்ப்பார்கள், அது இங்கே "ஸீ". ஆன்டி-கிளாக்வைஸ் இல்லை, கவுன்டர்-கிளாக்வைஸ். "டவுட்" என்ற சொல்லை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். எனக்கு ஒரு டவுட் என்றால் உன் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும். "எனி டவுட்ஸ்?" என்று அன்றைக்கு நான் கேட்டபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. இன்னொன்று, நம் தலையாட்டல். சரி என்று பக்கவாட்டில் ஆட்டினால் தப்பு என்று எடுத்துக்கொண்டு, சரியான விடையை அழித்துவிடுவார்கள். ஒரு பெண் என் கண் முன்னாலேயே அப்படி அழித்தாள்.

அலகுகளும் உங்களைக் கவிழ்க்கும். பவுண்ட் என்றால் ஏற்கெனவே விசை, அதைப் புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யால் பெருக்கக் கூடாது. கிலோ என்றால் நிறை, அது வந்தால் 9.81-ஆல் பெருக்க வேண்டும், நம் ஊரில் போல 10 போட்டால் விடை பொருந்தாது. ஆயிரம் பவுண்டுக்கு கிப் என்று பெயர். முதல் வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்தேன்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. பதிவேட்டில் உங்கள் அப்பா பெயர்தான் குடும்பப் பெயராக இருக்கும். முதல் நாளே போர்டில் உங்கள் பெயரை எழுதி, இப்படிக் கூப்பிடுங்கள் என்று சொல்லாவிட்டால் மின்னஞ்சல் எல்லாம் அப்பாவுக்கு வரும். எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க அப்படித்தான் வந்தது. ஊரில் அப்பாவிடம் சொன்னபோது, பாடம் எடுக்கிறதுக்குச் சம்பளமும் எனக்கு அனுப்பச் சொல்லு என்றார். அப்புறம், அவர்கள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சார் கிடையாது. நீங்கள் நுழையும்போது எழுந்து நிற்க மாட்டார்கள். வகுப்பில் காபி குடிப்பார்கள், சிலர் சாண்ட்விச் சாப்பிடுவார்கள். அது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்காவிட்டால்தான் இங்கே மரியாதை போகும்.

இங்கே சட்டம் ஒன்று உண்டு, ஃபெர்பா என்பார்கள், 1974-இல் வந்தது. மாணவரின் மதிப்பெண் அவருடைய சொந்த விஷயம். பெயரோடு பட்டியலை ஒட்டுவது, திருத்திய தாள்களைக் கதவருகே குவித்து வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வது எதுவும் கூடாது. நம் ஊரில் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பார்களே, அந்தப் பழக்கத்தை மறந்தும் செய்துவிடாதீர்கள். அம்மா அப்பா போன் செய்து கேட்டாலும் நீங்களாக எதுவும் சொல்லாமல் பேராசிரியரிடம் அனுப்பிவிடுங்கள். தேர்வுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று ஒருவர் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகத்தின் கடிதம் கொண்டுவந்தால் ஏன் என்று கேட்கக் கூடாது.

உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நான் இருந்த இடத்தில் ஒரு பேராசிரியர் முந்நூறு தாளை வெள்ளிக்கிழமை மாலை கொடுத்து திங்கள் காலை கேட்பார். முதல் செமஸ்டர் வாயைத் திறக்கவில்லை. மணிக்கணக்கை எழுதி வைத்துக் காட்டியபோது அவரே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டார். நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு தூரம் படம் படம் என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் தெரியுமா? இப்போது நான் கேன்சஸ் சிட்டியில் கட்டட வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். இங்கே ஹயட் ரீஜென்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடிப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பியில் தனித்தனியே தொங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். கட்டும் வசதிக்காக அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு ஒன்று. பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் மேல் பாலத்து உத்தரத்துக்குக் கீழே இருந்த நட்டு இப்போது இரண்டு பாலத்தையும் தாங்கியது, இரு மடங்கு சுமை. பழைய வடிவமே நகர விதி கேட்ட வலிமையில் 60 சதவீதம்தான் என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது.

மாணவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு வழி உண்டு. ஒரு கயிற்றில் இரண்டு பேர் மேலும் கீழுமாகத் தொங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் எடை மட்டும். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவர் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றின் உச்சியில் சுமை அதேதான். மேலே இருப்பவர் கையை மட்டும் தனியே வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நட்டைத் தனியே பிய்த்துப் படம் போட்டிருந்தால் உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் முதல் நாளே இதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். டிரஸ், ஃப்ரேம் என்ற சட்டகப் பாடங்கள் எல்லாம் முடியட்டும்.

நான்காவது வாரம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், எது உதவுகிறது எது உதவவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்ததில் முக்கால்வாசி "மெதுவாகப் பேசுங்கள்". ஒருவர் மட்டும், போர்டை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். மூன்று வாரம் யாரும் அதைச் சொல்லவில்லை பாருங்கள்.

திங்கள் மாலையே அந்த அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாற்காலிகள் நகருமா, தரையோடு திருகி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்தால்தான் மூன்று மூன்று பேராகப் பிரிக்க முடியும். மார்க்கர் இரண்டு சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அறையில் இருப்பது எல்லாம் காய்ந்துதான் கிடக்கும். டிரெய்லர் கணக்கின் விடையில் அந்த எதிர்க்குறியைப் பார்த்து முதலில் யார் முகம் சுளித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.