கையை வயிற்றோடு தைத்த காலம்

கேள்வி: மெஷினில் கை சிதைந்த என் அப்பாவுக்கு, கையை வயிற்றோடு சேர்த்துத் தைத்து வாரக்கணக்கில் வைத்திருந்தார்களாம். இன்றும் அப்படித்தானா? – வாசகி, விருத்தாசலம்

பதில்: பெரும்பாலும் இல்லையம்மா. கைக்காயத்தை வயிற்றுத் தோலால் மூடத்தான் அப்படித் தைத்தார்கள்; அந்தத் தோலுக்கு வயிற்றிலிருந்தே ரத்தம் வரும். 1917-இல் இங்கிலாந்தில் அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லீஸ், போரில் முகம் சிதைந்தவர்களுக்குத் தோலைக் குழாயாகச் சுருட்டித் தைத்தார். ரத்த ஓட்டம் நிற்காதிருக்க ஒரு முனையாவது உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்; படிப்படியாக நகர்த்த மாதக்கணக்காகும். 1973-இல் மெல்போர்னில் டேனியல், டெய்லர் என்ற மருத்துவர்கள் இடுப்புத் தோலை ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் காலில் இணைத்தார்கள். மருத்துவப் பயிற்சிக் காலத்தில் அப்படியோர் அறுவையை நான் பார்த்தது மறக்காது: ஓரிரு மில்லிமீட்டர் குழாய், முடியைவிட மெல்லிய நூல், ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்ததும் வெளிறிய தோல் சிவந்தது!

ஆனால் அந்த வசதி இல்லாத இடங்களில் பழைய முறை இன்றும் கைகளைக் காப்பாற்றுகிறது. அதை மட்டமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். கை வாரக்கணக்கில் அசையாமல் இருந்ததில் அப்பாவுக்குத் தோள் இறுகியிருந்தால் பிசியோதெரபிக்கு அழைத்துப் போங்கள்.