1966 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்
இடுப்புக்குப் பின்னால் 1966 என்று இருப்பதால் அபூர்வமான பார்பி பொம்மை, 8,000 ரூபாய் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அது பொம்மை தயாரான ஆண்டல்ல, அந்த உடலை வார்க்கும் அச்சுக்கான பதிப்புரிமை ஆண்டு. 1990களில் வந்த பல பொம்மைகளிலும் அதே 1966தான் இருக்கும். கூடவே எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜப்பான் என்றால் உண்மையிலேயே பழசு. மலேசியா, சீனா, இந்தோனேசியா என்றால் பல ஆண்டுகள் பிந்தியது. அந்த எழுத்து தெரிகிற மாதிரி கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், ஈபே விற்பனைத் தளத்தில் விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். கேட்கிற விலையை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முடியை வெட்டியிருந்தாலோ கழுத்தில் விரிசல் இருந்தாலோ தயங்காமல் நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். விற்பவரும் விவரம் தெரியாமல் சொல்லியிருக்கலாம், பொறுமையாக விளக்கிப் பேசுங்கள்.