‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று கேட்கலாமா: சில கேள்விகள்

கேள்வி: என் தோழி கொஞ்ச நாளாக ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று அடிக்கடி சொல்கிறாள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லாததை நானே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. இந்தப் பயம் பலருக்கும் உண்டு, ஆனால் ஆய்வுகள் காட்டுவது வேறு: கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பலருக்கு அப்பாடா என்றுதான் இருக்கிறது. ‘தப்பா எதுவும் யோசிக்கலையே?’ என்று கேட்காதீர்கள், அதற்கு ‘சேச்சே, இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்றே கேளுங்கள். ஆமாம் என்றால் அதற்கு ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாளா என்பதையும் கேளுங்கள். திட்டம் இருக்கிறது, அதற்கான பொருளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்றால் அது அவசரநிலை, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாமல் அந்தப் பொருளை அங்கிருந்து அப்புறப்படுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். சாக வேண்டும் என்ற அந்த வேகத்தின் உச்சம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் நீடிக்கும், அது தணியும்வரை பொருளும் ஆளும் தள்ளியிருந்தாலே எத்தனையோ பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். ‘முடிவு பண்ணிட்டா வேற வழி தேடிப்பாங்க’ என்பார்கள், பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அப்புறம், ‘உனக்கென்ன குறைச்சல், அம்மாவை நினைச்சுப் பார்’ மாதிரி பேச்சு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே தன்னை எல்லோருக்கும் பாரம் என்று நினைப்பவளுக்கு அது இன்னொரு பாரம்.

கேள்வி: செத்துப்போகத் தோன்றுகிறது என்று நண்பன் சொன்னான், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் செய்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: சத்தியத்தை மீறுங்கள். அவனிடமே சொல்லிவிட்டு மீறுங்கள்: ‘இதை நான் தனியா தாங்க முடியாது, யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு.’ கோபப்படுவான், பரவாயில்லை.

கேள்வி: எனக்கேதான் அந்த எண்ணம் வருகிறது, ராத்திரியில் அதிகம். உதவி எண்ணுக்குப் பேசலாமா? என்ன கேட்பார்கள்?

பதில்: எழுதியது நல்லது. தாராளமாகப் பேசலாம். சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த எண் என்று நினைக்காதீர்கள். ‘என்ன சொல்றதுன்னே தெரியல’ என்று ஆரம்பித்தாலும் போதும். இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள், மீதியை உங்கள் போக்கில் பேச விடுவார்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988. ஒருவேளை லைன் கிடைக்காவிட்டாலோ, எடுத்தவர் சரியாகப் பேசாவிட்டாலோ (அப்படியும் நடக்கும்) மறுபடி கூப்பிடுங்கள், இல்லை பக்கத்து அறையில் தூங்குபவரை எழுப்புங்கள். கையை மீறிப் போகிறது என்று தோன்றினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் பகல்நேரத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறி, அப்போது கவனத்தைத் திருப்ப நான் செய்யக்கூடியது, கூப்பிடக்கூடிய மூன்று பேர், மருத்துவர் எண். ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் யோசிக்க மூளை ஒத்துழைக்காது.

கேள்வி: தற்கொலைக்கு முயன்ற தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான், சிரித்துப் பேசுகிறான். இனி பயமில்லைதானே?

பதில்: வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ரொம்பக் கவனம் தேவைப்படும் காலம். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், அடுத்த மருத்துவர் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்காக நாள் முழுக்கப் போலீஸ் மாதிரி பின்னாலேயே நிற்கவும் வேண்டாம்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை பத்து நாளாகப் போடுகிறேன், மாற்றமே இல்லை. நிறுத்திவிடவா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குத் தூக்கமும் பசியும் முதலில் சரியாகி மனநிலை பின்னால்தான் மாறும். ஆனால் ஆரம்ப வாரங்களில் படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால், குறிப்பாக 25 வயதுக்குள் இருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.