ஓகே எங்கிருந்து வந்தது?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'இன்று சாவு பூஜ்யம்' (ஆங்கிலத்தில் '0 Killed') என்பதை முகாம் பலகையில் '0 K' என்று சுருக்கி எழுதியதுதான் 'ஓகே' ஆனதாமே? 'சரி' என்று அழகான சொல் இருக்க, நமக்கு எதற்கு இந்த இரவல்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாட்ஸ்அப்பில் வந்ததா? அந்தப் போர் தொடங்கியது 1861-ல். 'ஓகே' அச்சில் வந்ததோ 1839 மார்ச் 23-ல், பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில். பிள்ளை பிறந்து 22 வருஷம் கழித்துத் தகப்பனைத் தேடாதீர்கள்.

அப்போது பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு கிறுக்கு. வேண்டுமென்றே தப்புத் தப்பாக எழுதி, அதன் முதல் எழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓ'விலும் 'கே'யிலும் தொடங்கி எழுதிய கிண்டல்தான் இது. கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் செத்துப்போயின. இதை மட்டும் 1840 தேர்தல் காப்பாற்றியது. ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்பது அவருடைய பட்டப்பெயர். எழுத்து பொருந்தியதால் ஆதரவாளர்கள் ஓகே சங்கமே தொடங்கிவிட்டார்கள். அவர் தோற்றார், சொல் ஜெயித்தது. இவ்வளவையும் பழைய பத்திரிகைகளில் தோண்டி எடுத்து 1960-களில் எழுதியவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

சரி, இரவலுக்கு வருவோம். 'மாப்பிள்ளை ஓகே ஆயிட்டார்' என்றால் இனிப்பு கேட்பார்கள். 'மாப்பிள்ளை சரியாயிட்டார்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஏன், இதுவரைக்கும் அவருக்கு என்ன?' என்று கேட்பார்கள். 'படம் எப்படி?' என்றால் 'ஓகே' என்று இழுக்கலாம். காசு கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். அங்கே 'சரி' நிற்காது. பேசிக்கொண்டே போகிறவரிடம் 'ஓகே ஓகே' என்றால் நிறுத்து என்று பொருள். அந்த வேலையை நம் 'சரி சரி' காலங்காலமாகப் பார்க்கிறது. 'சரிதான்' என்பதில் இருக்கும் குத்தலோ 'ஓகே'வுக்கு வராது. ஒன்று வந்து மற்றதைத் துரத்தவில்லை, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன.

நம் இதழுக்கு வரும் கட்டுரையில் 'ஓகே' இருந்தால் அடித்துவிடுவேன். கதையில் பாத்திரம் பேசினால் கை வைக்க மாட்டேன்.