கட்சி ஊடகம் கிளப்பிவிட்ட இணைய வசைகள்: யாருக்குப் பதில் சொல்வது?

கேள்வி: உள்ளாட்சிக் கூட்டம் ஒன்றில் ஒரு திட்டத்தின் செலவுக் கணக்கைப் பற்றி நான் கேட்ட கேள்வியை, ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்த உள்ளூர்ச் சேனல் வெட்டி ஒட்டி, நான் திட்டத்தையே எதிர்ப்பதாகச் செய்தி வெளியிட்டது. மூன்று நாட்களாக என் சமூக ஊடகப் பக்கத்தில் வசைகள் குவிகின்றன; கைப்பேசி எண்ணையும் யாரோ பரப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்வதா, கணக்கை மூடிவிடுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்களைத் தாக்குபவர்கள் ஒரே தரப்பினர் அல்லர். சேனலுக்குப் பெயரும் முகவரியும் பொறுப்பாசிரியரும் உண்டு. வசைபாடும் கூட்டத்துக்கு அவற்றில் எதுவும் இல்லை. ஆகவே சேனலுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். கூட்டத்துக்குப் பதிலே கொடுக்காதீர்கள். பின்னூட்டங்களில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தப் பதிவைப் பரபரப்பானதாகக் காட்டி மேலும் பலர் கண்ணில் படவைக்கும். கோபத்தில் எழுதிய ஒரு சொல் போதும், மறுநாள் அதுவே சேனலின் அடுத்த தலைப்பாகிவிடும். உங்களுக்காகச் சண்டையிடும் நண்பர்களையும் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அவர்களின் வசையும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

தளத்திடம் புகார் அளிப்பதற்கும் வசைபாடுவோரை முடக்குவதற்கும் (பிளாக் செய்வதற்கும்) முன்பாகச் சான்றுகளைச் சேமியுங்கள், ஏனெனில் தளம் நீக்கிய பதிவு உங்களுக்கும் கிடைக்காமல் போகலாம். ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கின் பயனர்பெயர், தேதி, நேரம், முழு இணைய முகவரி ஆகியவை தெரிய வேண்டும். காட்சிப்பெயரை எவரும் நொடியில் மாற்றிவிடலாம். சேனலின் காணொளியைத் தரவிறக்கி வைத்து, செய்திப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் பதிந்துவிடுங்கள். இந்த வேலையை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது. எல்லாவற்றையும் நீங்களே படித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. உடல்ரீதியான மிரட்டல் இருந்தால் மட்டும் அதைத் தனியே பிரித்து, அன்றே காவல்துறையிடம் எழுத்தில் கொடுங்கள்.

எண் வெளியாகிவிட்டதால், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை மட்டும் நம்பாமல் கைப்பேசியிலேயே நுழைவுக் குறியீட்டை உருவாக்கும் அங்கீகாரச் செயலிக்கு மாறுங்கள். வாட்ஸ்அப்பில் அறியாத அழைப்புகளை ஒலியின்றி ஒதுக்கவும், குழுக்களில் உங்களைச் சேர்ப்போரைக் கட்டுப்படுத்தவும் அமைப்புகள் உள்ளன. எக்ஸ் தளத்தில் நீங்கள் முடக்கியவர்களும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்க முடியும் என்று 2024-இல் மாற்றிவிட்டார்கள். முடக்கியதோடு பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இனி சேனலுக்கான கடிதம். உள்ளாட்சிக் கூட்டத்தின் முழுப் பதிவைப் பெறுவதற்குத்தான் அதிக முயற்சி எடுக்க வேண்டும். அது கிடைத்தால் வாதத்துக்கே வேலை குறைவு. காணொளியின் எந்த நிமிடத்தில் எது வெட்டப்பட்டது, நீங்கள் முழுமையாகச் சொன்னது என்ன, திருத்தம் எந்த இடத்தில் எந்த நாளுக்குள் வெளியாக வேண்டும் என்பனவற்றை மட்டும், கடிதம் அப்படியே ஒளிபரப்பாகும் என்ற நினைப்போடு எழுதுங்கள். அடைமொழிகள் வேண்டாம்.

வழக்கறிஞர் நோட்டீஸை முதல் படியாக நான் பரிந்துரைப்பதில்லை. 2003-இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் வீட்டின் வான்வழிப் படத்தை நீக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் 6 முறை மட்டுமே தரவிறக்கப்பட்டிருந்த அந்தப் படம், அவற்றிலும் 2 அவருடைய வழக்கறிஞர்களுடையவை, வழக்கிற்குப் பின் ஒரே மாதத்தில் 4,20,000 பேருக்கு மேல் அது இருந்த இணையதளத்துக்கு வரக் காரணமாயிற்று. ஆனால் அவதூறு வழக்குக்குப் பல நாடுகளில் காலவரம்பு உண்டு என்பதால், வழக்கறிஞரின் கருத்தை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வசைபாடும் கூட்டம் அடுத்து உங்கள் பணியிடத்துக்குக் கடிதம் எழுதக்கூடும்; அதற்கு முன் மேலாளரிடம் நீங்களே சொல்லிவிடுவது மேல்.

பொதுவில் ஒரே ஒரு குறிப்பு போதும்: முழுப் பதிவின் இணைப்போடு, பொய்க் குற்றச்சாட்டைத் தலைப்பில் திரும்பச் சொல்லாமல், பின்னூட்டங்களை மூடிவைத்து வெளியிடுங்கள். கணக்கை அழிப்பதைப் பொறுத்தவரை, சான்றுகள் முழுதும் கைக்கு வந்த பிறகு தற்காலிகமாக முடக்கிவைக்கலாம். நிரந்தரமாக நீக்கினால், உங்கள் பெயரில் போலிக் கணக்கு முளைக்கும்போது உண்மையானது எது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இராது.